பகலில் போகிற குஞ்சு, ராத்திரி சாகிற கோழி: வடசென்னையில் வீட்டுக் கோழிகளைக் காப்பது எப்படி?

கேள்வி இதுதான். கொடுங்கையூரில் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காலி இடம். சிறுவிடை என்கிற சின்ன உடம்பு நாட்டுக்கோழி ஒன்று பன்னிரண்டு குஞ்சு பொரித்தது, மூன்று வாரத்தில் நாலுதான் மிச்சம். இதற்கு நடுவில் ஒரு நாள் விடிந்து பார்த்தால், கூண்டுக்குள்ளேயே ஒரு பெட்டைக்கோழி கழுத்தில் கடிபட்டுச் செத்துக் கிடக்கிறது. "எல்லாம் பருந்து வேலைதான். எப்படி விரட்டுவது? பக்கத்து வீட்டு அண்ணன் உண்டிவில்லால் அடிக்கலாம், இல்லையென்றால் கறித்துண்டில் மருந்து வைக்கலாம் என்கிறார்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டில் அம்மா காலத்திலிருந்து கோழி இருக்கிறது. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: உங்கள் வீட்டுக்கு வருவது ஒரே திருடன் இல்லை. பருந்து இருட்டில் இரை தேடாது. கூண்டுக்குள் புகுந்து கழுத்தைக் கடிக்கவும் கடிக்காது. அதனால் அந்தப் பெட்டைக்கோழியின் சாவில் பருந்துக்குச் சம்பந்தமே கிடையாது. பகலில் குஞ்சு போவதற்குக் காரணம் தலைக்குமேல் மூடாமல் விட்டிருப்பது. ராத்திரி கோழி சாவதற்குக் காரணம் தரையும் கதவும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. எல்லாவற்றையும் பருந்தின் தலையில் கட்டிவிட்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் ராத்திரிக் கணக்கு ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

அதனால் ஒரு கோழி போனால் முதலில் பார்க்க வேண்டியது, எப்போது போனது, என்ன மிச்சம் கிடக்கிறது என்பது. பட்டப்பகலில் குஞ்சு ஒன்று சத்தமில்லாமல் குறைந்து, இறகுகூடக் கிடக்கவில்லை என்றால் பருந்து, காக்கா அல்லது பூனை. ஒரு மூலையில் பிடுங்கிய இறகு குவியலாகக் கிடந்தால் வல்லூறு. அது உட்கார்ந்து இறகைப் பிடுங்கிவிட்டுத்தான் தின்னும். தலையிலும் கழுத்திலும் கடி இருந்து உடம்பு அப்படியே கிடந்தால் பகலில் என்றால் கீரி, ராத்திரி என்றால் மரநாய் அல்லது பூனை. நாலைந்து கோழி இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குதறிக் கிடந்து, எதையும் பெரிதாகத் தின்னவில்லை என்றால் தெருநாய். காலையில் கோழி நொண்டுகிறது, விரலில் ரத்தம் என்றால் பெருச்சாளி. முட்டை ஓடுகூட இல்லாமல் காணோம் என்றால் பாம்பாக இருக்கலாம், உடைந்த ஓடு கிடந்தால் கீரி, பெருச்சாளி, காக்கா என்று தேட வேண்டும். இந்தக் கணக்கு எப்போதும் துல்லியமாக இருக்காது, ஆனால் எங்கே கை வைக்க வேண்டும் என்பதைக் காட்டிவிடும். உங்கள் பெட்டைக்கோழிக்கு நடந்ததைப் பார்த்தால் மரநாய் அல்லது பூனை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மரநாய் காட்டில்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பழைய ஓட்டு வீட்டுப் பரண், குடோன் கூரை, பனைமரம் என்று ஊருக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிற பிராணி அது.

சரி, பருந்துக்கு வருவோம். வடசென்னையில் வட்டமிடுவதில் பெரும்பாலானவை கள்ளப்பருந்து. கரும்பழுப்பு நிறம், வால் நடுவில் பிளந்தாற்போல இருக்கும். தலையும் மார்பும் வெள்ளை, மற்ற உடம்பு செம்மண் நிறம் என்றால் அது செம்பருந்து, நம் வீட்டுப் பெரியவர்கள் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வது அதைத்தான். அதற்கு மீனும் நண்டும்தான் முக்கியம். கள்ளப்பருந்துக்கு இங்கே இவ்வளவு கூட்டம் ஏன் என்றால், ஒரு பக்கம் காசிமேடு மீன்பிடித் துறைமுகம், இன்னொரு பக்கம் கொடுங்கையூர் குப்பைமேடு, நடுவில் தெருவுக்குத் தெரு கறிக்கடை. அது பெரும்பாலும் கழிவையும் செத்ததையும் தின்கிற பறவை, குஞ்சு அதற்குக் கண்ணில் பட்டால் கிடைக்கிற கூடுதல் தீனி. ஒரு கள்ளப்பருந்து ஒரு கிலோ எடைகூட இருக்காது. வளர்ந்த நாட்டுக்கோழியைத் தூக்கிக்கொண்டு பறக்க அதனால் முடியாது. ஆகவே பருந்துப் பயம் என்பது குஞ்சின் முதல் இரண்டு மாதத்துப் பயம். அந்த இரண்டு மாதத்தைத் தாண்டிவிட்டால் பகல் பிரச்சினையில் முக்கால்வாசி முடிந்தது.

பருந்து இறங்குவதை ஒரு தடவை ஊன்றிப் பாருங்கள். அது வந்து உட்கார்ந்து குஞ்சைப் பிடிப்பதில்லை. கூரை மட்டத்துக்குச் சரிந்து வந்து, கடைசி நொடியில் காலை நீட்டி, வந்த வேகத்திலேயே குஞ்சை அள்ளிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஏறிவிடும். பறந்தபடியே தலையைக் குனிந்து காலில் இருப்பதைக் கொத்தித் தின்பதும் உண்டு. அதாவது அதற்கு உள்ளே வர ஒரு சாய்வான வழி, வெளியே போக ஒரு வழி, இரண்டும் தடையில்லாமல் வேண்டும். அந்த வழியை வெட்டிவிட்டால் போதும். ஆறடிச் சந்தில், குறுக்கே நாலு துணிக்கொடி ஓடுகிற இடத்தில் பருந்து இறங்கத் தயங்குவது இதனால்தான். உங்கள் பின்பக்க இடம் திறந்த மைதானமாக இருந்தால், ஆள் உயரத்துக்கு மேலே ஒன்றரை அடிக்கு ஒன்றாக, நன்றாகக் கண்ணுக்குத் தெரிகிற தடித்த கயிறு இழுத்துக் கட்டுங்கள். கயிற்றில் வெள்ளைத்துணிக் கீற்று தொங்கட்டும். பருந்துக்கு இதுவே பெரிய தடை.

ஆனால் காக்காவுக்கும் வல்லூறுக்கும் கயிறு ஒரு பொருட்டில்லை. வல்லூறு புறா அளவுதான் இருக்கும், முருங்கை மரத்துக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்து சட்டென்று பாயும். காக்கா பொறுமையானது. தாய்க்கோழி இரை பார்க்கத் திரும்புகிற நேரத்துக்காகக் காத்திருக்கும். ஒரு காக்கா முன்னால் நின்று வம்பிழுக்க, இன்னொன்று பின்னால் வந்து குஞ்சைக் கொத்தும். முதல் இரண்டு வாரத்துக் குஞ்சுக்குப் பருந்தைவிடக் காக்காவால்தான் சேதம் அதிகம் என்பது என் அனுபவம். அதனால் குஞ்சு இருக்கிற இடத்துக்கு முழுக் கூரை வேண்டும். கயிறு பாதி வளர்ந்த கோழி மேய்கிற இடத்துக்குப் போதும்.

கூரைக்குப் பணம் அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை, நாம் காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். விசைப்படகுகளில் கழித்த பழைய இழுவலை தடித்த நூலில், பச்சையிலும் நீலத்திலும் கிடைக்கும். கண்ணி சின்னதாக, காக்கா தலை நுழையாத அளவில் பார்த்து வாங்குங்கள். நாலு மூலையில் சவுக்குக் கம்பு நட்டு, சுற்றிலும் கட்டுக்கம்பி ஓட்டி, மத்தளத் தோல்போல விறைப்பாக இழுத்துக் கட்ட வேண்டும். தொய்வாக விட்டால் மழைத்தண்ணீரும் சருகும் தேங்கிக் கிழியும், பறவையும் சிக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: தங்கூசி வலை வேண்டவே வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத அந்த மெல்லிய இழையில் பருந்தோ கிளியோ வந்து விழுந்தால் இறக்கை அறுந்துவிடும். இதே காரணத்துக்காக மாஞ்சா நூலையும் கட்டாதீர்கள். பட்டம் விடும் மாஞ்சா நம் பக்கத்தில் மனிதர் கழுத்தையே அறுத்திருக்கிறது, தடையும் இருக்கிறது. வலை நூல் வெயிலில் இற்றுப்போகும், எனவே கோடை முடிந்ததும் ஒரு தடவை கையால் இழுத்துப் பார்த்துவிட்டு, நைந்த இடத்தை மாற்றிவிடுங்கள்.

வலைக்கு மேலே பீர்க்கங்கொடியோ கோவைக்கொடியோ ஏற்றிவிட்டால் இன்னும் நல்லது. அக்னி நட்சத்திரத்தில் கோழிக்கு நிழல், மேலிருந்து பார்க்கிற பருந்துக்கு உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது. பந்தல் போட முடியாதவர்கள் குறைந்தது இரண்டு மூன்று ஒளிவிடமாவது வையுங்கள்: செங்கல் மேல் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் துண்டு, கவிழ்த்த பழைய டேபிள், அடர்ந்த செம்பருத்திச் செடி, எதுவானாலும் சரி. எச்சரிக்கைச் சத்தம் வந்ததும் ஓடி ஒளிய நாலைந்து எட்டு தூரத்துக்குள் ஒரு இடம் இருக்க வேண்டும்.

அந்தச் சத்தத்தை நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். வானத்தில் ஆபத்து என்றால் சேவல் தலையை ஒருக்களித்து ஒற்றைக் கண்ணால் மேலே பார்த்து, நீட்டி இழுத்த ஒரு குரல் கொடுக்கும். உடனே எல்லாக் கோழியும் ஓடி ஒடுங்கிவிடும், அல்லது இருந்த இடத்திலேயே உறைந்து நிற்கும். தரையில் பூனையோ கீரியோ வந்தால் சத்தம் வேறு: கொக் கொக் கொக் என்று விடாமல் வெட்டி வெட்டி வரும், கோழிகள் கழுத்தை நீட்டி நிமிர்ந்து நிற்கும். இரண்டையும் பிரித்துக் கேட்கப் பழகிவிட்டால், சமையலறையில் இருந்தபடியே மேலே பார்ப்பதா, சுவரோரம் பார்ப்பதா என்று தெரிந்துவிடும். கூட்டத்தில் நல்ல சேவல் ஒன்று இருப்பது அதனால் பெரிய காவல். காக்காவும் சில நேரம் நம் பக்கம்தான், பருந்தைக் கண்டால் கூட்டமாகத் துரத்தும். கரிச்சான் என்கிற இரட்டைவால் குருவி கூடு கட்டியிருந்தால் அதைக் கலைக்காதீர்கள். உருவத்தில் சின்னதானாலும் பருந்தின் முதுகிலேயே ஏறிக் கொத்தி விரட்டும்.

பழைய சிடி தொங்கவிடுவது, பொம்மை வைப்பது, பளபளக்கும் தாள் கட்டுவது பற்றியும் பலர் சொல்வார்கள். சில நாள் பயப்படும், அப்புறம் பழகிவிடும். இடத்தை மாற்றி மாற்றி வைத்தால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும், அவ்வளவுதான். செத்த காக்காவைக் கட்டித் தொங்கவிடுகிற பழைய வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பறவைக் காய்ச்சலில் காக்காவும் சாகும், அதை நம் கையாலேயே கோழிக்கு நடுவில் கொண்டுவந்து கட்டக் கூடாது.

உங்கள் நாலு குஞ்சையும் இன்றைக்கே பஞ்சாரத்துக்குள் போடுங்கள். மூங்கில் கூடை கிடைக்காவிட்டால் கம்பிக் கூண்டு. தாயும் குஞ்சும் உள்ளே இருக்க, மேலே ஒரு செங்கல் வைத்துவிடுங்கள், நாய் முட்டினாலும் கவிழாது. காலையும் மாலையும் நீங்கள் பக்கத்தில் இருக்கிற நேரத்தில் மட்டும் வெளியே விடலாம். சிறுவிடைக்கோழி நல்ல தாய், கள்ளப்பருந்தை எதிர்த்து எகிறிக் கொத்தக்கூடியது. ஆனால் ஒன்றரை, இரண்டு மாதத்தில் அதுவே குஞ்சுகளைக் கொத்தி விரட்டிவிட்டு மறுபடி முட்டைக்குத் தயாராகும். அந்த வாரத்தில்தான் குஞ்சுகள் திக்குத் தெரியாமல் திறந்த இடத்தில் சுற்றும். தாய் விரட்ட ஆரம்பித்ததும் இன்னும் இரண்டு வாரம் வலைக்குள் வையுங்கள். தெருவில் கூவி விற்கிற கலர் குஞ்சுகளுக்குத் தாயே கிடையாது, எச்சரிக்கைச் சத்தம் என்றால் என்னவென்றே தெரியாது, பச்சையும் ரோஜா நிறமுமாக எங்கிருந்து பார்த்தாலும் கண்ணைப் பறிக்கும். குழந்தைகள் ஆசைப்பட்டு வாங்கிவிட்டால், அவற்றை வெளியில் விடாமல் வளர்ப்பது ஒன்றுதான் வழி.

இனி ராத்திரி. இங்கே விஷயம் கொஞ்சம் கடினம், ஏனென்றால் எதிராளி தோண்டும், கடிக்கும், கை நுழைக்கும், தாழ்ப்பாளை ஆட்டிப் பார்க்கும்.

கூண்டுக்கு நாம் வழக்கமாக வாங்குவது அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழிவலை. அது கோழி வெளியே போகாமல் தடுக்கும், நாய் உள்ளே வருவதைத் தடுக்காது. பல்லால் இழுத்தால் கிழிந்துவிடும். அரை இஞ்சுக் கண்ணுள்ள வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைப் பற்றவைத்த கெட்டியான வலை வாங்குங்கள், பாரிமுனைப் பக்கம் ஹார்டுவேர் கடைகளில் அடிக் கணக்கில் வெட்டித் தருவார்கள். விலை கூடத்தான், ஆனால் ஒரு தடவைச் செலவு. ஒரு இஞ்சுக் கண்ணுக்குள் கூடப் பூனையின் முன்னங்கால் போகும். குஞ்சு கம்பியோரம் ஒண்டிப் படுத்திருக்கும்போது நகத்தால் கொக்கிபோட்டு இழுத்து, வெளியே இருந்தபடியே கால் ஒன்றையோ தலையையோ தின்றுவிட்டுப் போகும். காலையில் பார்க்கிற நமக்குக் கூண்டு பூட்டியபடி இருக்கும், குஞ்சு பாதிதான் இருக்கும், ஒன்றும் புரியாது. அதற்குத்தான் கூண்டின் கீழ் ஒரு அடி உயரத்துக்குத் தகரமோ பழைய பிளைவுட்டோ அடித்துவிடச் சொல்கிறேன். மேல்பாதி மெஷ் காற்றுக்குப் போதும்.

தரை மண்ணாக இருந்தால் பெருச்சாளி நிச்சயம். வடசென்னையில் கால்வாய் ஓரத்திலும் பழைய சாக்கடைப் பக்கத்திலும் பூனை அளவு பெருச்சாளிகள் இருக்கின்றன, மரப்பலகையைக்கூடக் கரம்பும். செங்கல் ஜல்லி போட்டுச் சிமெண்ட் பூசி, அதற்குமேல் மரத்தூளோ தேங்காய்நார்த் தூளோ பரப்புங்கள். சிமெண்ட் போட முடியாத வாடகை வீடு என்றால், கூண்டைச் சுற்றி மெஷ்ஷை ஒரு அடி அகலத்துக்கு வெளிப்பக்கமாக மடித்துத் தரையில் விரித்து, மேலே மண்ணும் கல்லும் போட்டு மூடுங்கள். தோண்டுகிற பிராணி சுவரோரத்தில்தான் ஆரம்பிக்கும், அங்கே கம்பி தட்டியதும் விட்டுவிடும், ஒரு அடி பின்னால் போய்த் தோண்ட அதற்குத் தோன்றாது. கால் வைத்த கூண்டு என்றால் இரண்டடி உயரம் இருக்கட்டும். மழைக்காலத்தில் இது இன்னும் அவசியம். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் ஏறினால் பெருச்சாளியும் பாம்பும் வளையை விட்டு மேடு தேடி வரும், அந்த மேடு உங்கள் கோழிக்கூண்டாக இருக்கும். பெருச்சாளியைப் பிடிக்கக் கம்பிப் பொறியில் சுட்ட கருவாட்டுத் துண்டு வையுங்கள். எலி மருந்து வைக்காதீர்கள், அது கோழி வாயிலும் போகும், மருந்து தின்ற எலியைத் தின்கிற பூனை, ஆந்தை வரைக்கும் போகும்.

தாழ்ப்பாள் ஒரு கொக்கி மட்டும் போதாது, நாய் முட்டி முட்டி ஆட்டினால் கொக்கி எகிறிவிடும். தாழ்ப்பாள் போட்டு அதில் ஒரு பூட்டோ திருகிய கம்பியோ மாட்டுங்கள். கோழிகள் பொழுது சாயும்போது தானாகவே அடையும், அடைந்ததும் எண்ணிப் பார்த்துக் கதவைச் சாத்துங்கள். சீரியல் முடிந்து சாத்தலாம் என்று விடுகிற அந்த ஒரு மணி நேரம்தான் பூனைக்கும் மரநாய்க்கும் வேட்டை நேரம். கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது, பக்கத்தில் நிற்பதைப் பிடித்தாலும் இன்னொன்று அசையாது. காலையிலும் நன்றாக வெளிச்சம் வந்த பிறகு திறந்தால் போதும். முட்டையிடும் கூடையில் விளக்கில்லாமல் கையை விடாதீர்கள், பாம்பு முட்டைக்கு மட்டும் வராது, கோழித்தீனிக்கு வருகிற எலிக்காகவும் வரும். பாம்பைக் கண்டால் வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லுங்கள்.

கழிவு விஷயத்தைத் தெருவோடு பேச வேண்டும். மீன் கழுவிய தண்ணீரையும் குடலையும் மொட்டைமாடியில் வீசிப் பருந்துக்குப் போடுவது பல வீடுகளில் புண்ணியமாகவே நடக்கிறது. வீசுகிறவர் நல்ல மனதோடுதான் செய்கிறார், ஆனால் தினமும் அதே நேரத்துக்கு அதே தெருவுக்குப் பருந்து வரப் பழகிவிடும், அப்புறம் பக்கத்து வீட்டுக் குஞ்சையும் பார்க்கும். சண்டை போடாமல் எடுத்துச் சொன்னால் பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள். உங்கள் வீட்டிலும் வெள்ளைக்கழிச்சல் என்கிற தொற்றுநோயில் செத்த கோழியைக் கால்வாயோரம் எறியாமல் ஆழமாகக் குழி வெட்டிப் புதையுங்கள். எறிந்தால் நோயும் பரவும், நாய்க்கும் பருந்துக்கும் கோழி ருசியும் பழகும்.

பக்கத்து வீட்டு அண்ணன் சொன்ன இரண்டு யோசனையும் வேண்டாம். பருந்து, வல்லூறு, கீரி, மரநாய், சாரைப்பாம்பு எல்லாம் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டவை, அடித்தாலோ பிடித்தாலோ வழக்கு வரும். கறியில் விஷம் வைத்தால் முதலில் சாவது தெருநாயும் யார் வீட்டுப் பூனையோவும்தான், அதற்கும் தண்டனை உண்டு. இதைச் சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஒரு பருந்தைக் கொன்றால் அந்த இடத்துக்கு நாளைக்கே இன்னொன்று வரும். தீனி இருக்கும்வரை வந்துகொண்டுதான் இருக்கும். அது குப்பைமேட்டிலும் துறைமுகத்திலும் செய்கிற துப்புரவு வேலையை வேறு யாரும் செய்வதில்லை. உங்கள் வலையிலோ மாஞ்சாவிலோ ஒரு பருந்து சிக்கிவிட்டால், தடித்த துணியைத் தலையோடு போர்த்தி, நகம் படாமல் பிடித்து, காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் வைத்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வனத்துறைக்கும் தகவல் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, அடுத்த அடையை மாதம் பார்த்து வையுங்கள். மார்கழி, தையில் கள்ளப்பருந்து கூடு கட்டி, மாசி, பங்குனியில் தன் குஞ்சுக்கு ஓயாமல் இரை தேடும், அந்தக் காலத்தில் உங்கள் முற்றத்தில் புதுக்குஞ்சு ஓடினால் அதன் கண்ணில் படாமல் இருக்காது. சித்திரை, வைகாசி வெயில் குஞ்சுக்கு ஆகாது. முட்டை பொரிய இருபத்தொரு நாள். வைகாசிக் கடைசியில் அடை வைத்தால் ஆனியில் பொரிக்கும், ஐப்பசி மழை பிடிக்கிறதுக்குள் குஞ்சுகள் மூன்று மாதம் தாண்டி, பருந்து தூக்க முடியாத எடைக்கு வந்திருக்கும். வலையை ஆனிக்கு முன்னால் கட்டி முடித்துவிடுங்கள்.